பழி விண்டோஸ் 10 மீது, கோளாறு பேட்டரியில்: பாலிங்கில் முடங்கும் பழைய கணினிகள்

காலையில் பொத்தானை அழுத்தினால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. அணைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினால் அதே கதை. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ கணினி ஒருவழியாக எழுந்துகொள்கிறது. மாலையில் பிள்ளை பாடத்துக்கு உட்காரும்போது ஒரே அழுத்தில் ஓடுகிறது. மறுநாள் காலையில் பழையபடி அடம். பாலிங், கூப்பாங், கோல கெட்டில் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் தாமான்களிலும் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2025 அக்டோபர் 14க்குப் பிறகு இந்த அடத்துக்கு ஒரு புதுக் காரணம் சொல்லப்படுகிறது. "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, அதான் ஓட மாட்டேங்குது." கேட்பவருக்கு அது நியாயமாகவே படும். அன்றைய தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்தியது உண்மைதான். ஆனால் அதனால் எந்தக் கணினியும் எழாமல் போகாது. புதுப்பிப்பு நின்ற கணினிக்குப் பாதுகாப்பு குறையும். காலையில் திரை கறுப்பாக நிற்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்று ஒரு நிறுவனம் எடுத்த முடிவு, மற்றொன்று பெட்டிக்குள் இருக்கும் ஏதோ ஓர் உறுப்பின் களைப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர் சில ரிங்கிட் பேட்டரியில் தீர வேண்டிய கோளாறுக்காகப் புதிய மடிக்கணினி வாங்கப் போகிறார்.

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஓரளவு உருப்படியான புதிய மடிக்கணினி ஒன்று அதை முழுதாக விழுங்கிவிடும். கணினி வாங்கினால் வருமான வரிக் கழிவு உண்டு என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தி வருகிறது. 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் கணினியும் அடங்கும். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத பால்மரத் தொழிலாளிக்கும் பாதுகாவலருக்கும் அந்தக் கழிவால் என்ன பயன்? உதவி தேவைப்படாதவருக்குத்தான் அது போய்ச் சேருகிறது.

இந்தப் பெட்டிகள் எப்படி வீட்டுக்கு வந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் இயங்கலைக்கு மாறியது. அந்த நேரத்தில் கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. 2021 வரவு செலவுத் திட்டத்தில் 'செர்டிக்' திட்டத்தின் வழி 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவி வழங்க 15 கோடி ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலுக்குள் வராத வீடுகள் கையில் இருந்ததைப் போட்டு, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணினிகளையும் மடிக்கணினிகளையும் வாங்கின. அன்றே ஐந்தாறு வயதான இயந்திரங்கள் அவை. இன்று பத்தைத் தாண்டிவிட்டன.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். கழித்துக்கட்டிய அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கின்றன.

போதாக்குறைக்கு விலையும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகமெங்கும் முளைக்கின்றன. நம் ஜொகூர் மாநிலமே அதற்குச் சாட்சி. அந்த மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொள்ள, 2025இன் பிற்பாதியில் கணினி நினைவகத்தின் விலை இரட்டிப்புக்கும் மேல் போனது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். அவற்றில் ஒன்றான மைக்ரோன், சாதாரணப் பயனீட்டாளர்களுக்கு விற்றுவந்த 'குருஷல்' வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அந்த நிறுவனத்துக்குப் பினாங்கு பத்து காவானில் ஆலை இருக்கிறது. பாலிங்குக்குப் பக்கத்து மாவட்டமான கூலிமில் 2024 ஆகஸ்டில் இன்ஃபினியோன் நிறுவனத்தின் சில்லு ஆலை திறக்கப்பட்டது. உலகுக்குச் சில்லு போகும் வட்டாரத்தில்தான் வீட்டுக் கணினிக்கு ஒரு நினைவகத் துண்டு எட்டாக்கனியாகிறது. எங்கோ முடிவாகும் விலை ஒரு வீட்டு அடுப்பங்கரை வரை வருவது பாலிங்குக்குப் புதிதல்ல. 1974இல் ரப்பர் விலை சரிந்து வாழ்க்கைச் செலவு ஏறியபோது இங்குள்ள மக்கள் தெருவில் இறங்கினார்கள். இப்போது ஏறுவது சில்லின் விலை. அதற்காக யாரும் தெருவில் இறங்கப்போவதில்லை.

ஆகவே, இருக்கும் கணினியை எழுப்ப முடியுமா என்று முதலில் பார்ப்பது கஞ்சத்தனமாகாது. பார்க்கும் முறைதான் முக்கியம். சில நேரம் எழுந்து, சில நேரம் எழாத கோளாறு கடைக்காரரையும் ஏமாற்றும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும், வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடும். இதற்கு மருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகம். எந்த நாள், எத்தனை மணி, எத்தனையாவது அழுத்தில் எழுந்தது, முந்தின இரவு சுவர்ச் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்ததா, மழையா வெயிலா என்று ஒரு வாரம் எழுதி வைத்தால் பாதிக் கோளாறு தானே வெளியே வந்துவிடும்.

எழாமல் போவதிலும் வகை உண்டு. பொத்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் அது மின்சாரம் வரும் வழியில் உள்ள சிக்கல். சுவர்ச் சுவிட்ச், மூன்று முனைச் செருகியின் உள்ளே இருக்கும் ஃபியூஸ், கம்பி, பிறகு கணினியின் பவர் சப்ளை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். செருகியின் ஃபியூஸ் போனதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவர்கள் இல்லாமலில்லை. காற்றாடி சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் சந்தேகம் நினைவகத்தின் மீதும் தாய்ப்பலகையின் மீதும் போகிறது. நிறுவனத்தின் சின்னம் வரை வந்து, விண்டோஸ் வராமல் நின்றால் வன்தட்டையோ அதில் உள்ள மென்பொருளையோ பார்க்க வேண்டும். விண்டோஸ் வந்து பத்து நிமிடத்தில் தானே அணைந்தால் பெரும்பாலும் சூடு. தூசி அடைத்த காற்றாடியைச் சுத்தம் செய்து, செயலியின் மேல் காய்ந்துபோன பசையை மாற்றினாலே பல கணினிகள் தேறிவிடும்.

தொடக்கத்தில் சொன்ன காட்சிக்கு வருவோம். காலையில் அடம், மாலையில் ஒழுங்கு. இங்கே முதல் சந்தேகம் பவர் சப்ளையில் உள்ள மின்தேக்கிகளின் மீது விழும். உருளை வடிவில், உள்ளே திரவம் கொண்ட சிறு பாகங்கள் அவை. ஆண்டுகள் ஆக ஆக, சூட்டில் அந்தத் திரவம் வற்றுகிறது. குளிர்ந்து கிடக்கும்போது அவற்றால் போதிய மின்னோட்டம் தர முடியாது. கொஞ்சம் சூடேறினால் தரும். நாலு முறை அழுத்திய பிறகு எழுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். ஒரு சிறு சோதனை செய்யலாம். காலையில் சுவர்ச் சுவிட்சை மட்டும் போட்டுவிட்டு, பொத்தானைத் தொடாமல் அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு முதல் அழுத்திலேயே எழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. தாய்ப்பலகையிலும் இதே மின்தேக்கிகள் உண்டு. தலை உப்பியிருந்தாலும், பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலும் அது முடிந்த கதை. 2000களின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகள் உலகச் சந்தையில் புகுந்து, பெரிய நிறுவனங்களின் கணினிகளே ஆயிரக்கணக்கில் படுத்த வரலாறு உண்டு. 2005இல் டெல் நிறுவனம் இதற்காக 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது.

ஓர் எச்சரிக்கை. பவர் சப்ளை பெட்டியை யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதைத் திறந்து பழுது பார்ப்பதைவிட, முழுதாகக் கழற்றி வேறொன்றைப் பொருத்திப் பார்ப்பதே முறை.

அடுத்த சந்தேகம் தாய்ப்பலகையில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போது நேரத்தையும் அடிப்படை அமைப்புகளையும் காப்பது அது. சுவரில் மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை இந்தப் பேட்டரிக்கு அதிக வேலையில்லை. இரவில் சுவர்ச் சுவிட்சை அணைக்கும் வீடுகளில் அது சீக்கிரம் தேய்கிறது. இடி விழும் நாட்டில் சுவிட்சை அணைப்பதும் செருகியைப் பிடுங்குவதும் சரியான பழக்கம்தான், அதை விடக் கூடாது. அந்தப் பழக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு பேட்டரி. அவ்வளவுதான்.

பேட்டரி தீர்ந்துவிட்டதைக் கணினியே சொல்லிவிடும். தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய் நிற்கும். தேதி தவறினால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று உலாவி தகராறு செய்யும். பிள்ளை "இன்டர்நெட் போச்சு" என்பான், இணையச் சேவை நிறுவனத்துக்குப் புகார் போகும், குற்றவாளியோ அந்தக் காசளவு பேட்டரி. சில கணினிகளில் பேட்டரி தீர்ந்ததும் வன்தட்டைப் படிக்கும் முறை பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். அப்போது விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்கும். வன்தட்டு செத்துவிட்டது என்று அதைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. பேட்டரியை மாற்றுவதற்கு முன் அமைப்புத் திரைகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு பழையபடி அமைத்துவிடலாம்.

மூன்றாவது, நினைவகத் துண்டின் தொடுமுனைகள். கெடாவின் ஈரக் காற்றில் அந்தப் பொன்னிற முனைகளில் மெல்லிய படலம் படிகிறது. செருகியை முழுதாகப் பிடுங்கி, கணினிப் பொத்தானைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, பெட்டியின் உலோகத்தை ஒரு முறை தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிய பிறகே கழற்ற வேண்டும். பள்ளிப் பிள்ளையின் பென்சில் அழிப்பானால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை திரும்பச் செருகினால் போதும். பால்மரம் கொடுத்து வாழவைத்த ஊரில் ரப்பரே கணினிக்கும் வைத்தியம் பார்க்கிறது என்று சிரித்துக்கொள்ளலாம். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு எழுப்பிப் பார்ப்பது கெட்டது எது என்று காட்டிக்கொடுக்கும். செலவு ஒரு சென் இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றக் கூடாது என்பது பழுது பார்ப்பவர்களின் பழைய விதி. இரண்டையும் மாற்றி, கணினி எழுந்துவிட்டால் எது நோய் என்று கடைசி வரை தெரியாது. அடுத்த முறை அதே நோய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வன்தட்டு மட்டும் தனி. அதிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மற்ற எல்லா ஆராய்ச்சியையும் நிறுத்திவிட வேண்டும். கணினி எழும் அடுத்த முறையில் முதல் வேலை படங்களையும் பத்திரங்களையும் வேறு இடத்துக்கு எடுத்து வைப்பது. கல்யாணப் படம், இறந்துபோன தாத்தாவின் ஒரே படம், ஸ்கேன் செய்து வைத்த பிறப்புப் பத்திரம், பிள்ளையின் விண்ணப்பக் கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு தட்டில்தான் இருக்கும். பெட்டியின் மதிப்பு நூறோ இருநூறோ ரிங்கிட். உள்ளே இருப்பதற்கு விலை கிடையாது. புதுக் கணினி வாங்கிவிட்டதாகப் பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வன்தட்டோடு போகும் கணினியில் வங்கி விவரமும் அடையாளக் கார்டு நகலும் சேர்ந்து போகின்றன.

பாலிங்கில் இன்னொரு வகைக் கணினியும் உண்டு. 2022 ஜூலை 4 அன்று குனோங் இனாஸ் மலைப் பகுதியிலிருந்து சேறும் மரமும் நீரோடு திரண்டு வந்து கூப்பாங், கம்போங் இபோய் பகுதிகளை அடித்தது. மூன்று உயிர்கள் போயின. வீட்டுச் சாமான்களெல்லாம் சேற்றில் மூழ்கின. அப்படி நனைந்த கருவியைக் காயவைத்து ஓட்டினால் சில மாதம் ஓடும், பிறகு உள்ளே துரு தன் வேலையைக் காட்டும். வெள்ளம் பார்த்த கணினிக்குப் பாகம் பாகமாகச் செலவு செய்வது வீண். வன்தட்டில் உள்ளதை எடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு, மற்றதைக் கைகழுவிவிடலாம்.

வீடுகளின் நிலை இது. தமிழ்ப்பள்ளிகளில் கதை இன்னும் சிக்கலானது. பள்ளிகளுக்குக் கணினி வராமல் இல்லை. அலை அலையாக வந்திருக்கின்றன. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வந்தன. பிறகு 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் 'ஒன் பெஸ்தாரிநெட்' வந்து, 2019இல் முடிவுக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் 'டெலிமா' தளமும் செர்டிக் கருவிகளும் வந்தன. ஒவ்வொரு திட்டத்துக்கும் திறப்பு விழா உண்டு, ஒப்படைப்பு விழா உண்டு, படம் உண்டு. நாலாவது ஆண்டில் பேட்டரி மாற்ற யார் பணம் தருவது என்ற கேள்விக்கு மட்டும் விழா எடுப்பதில்லை.

அரசாங்கச் சொத்தாகப் பதிவான கணினியைப் பள்ளி தன் விருப்பத்துக்கு வீசிவிடவும் முடியாது. கழித்துக்கட்ட முறையான நடைமுறை உண்டு, அதற்கு நேரம் பிடிக்கும். முறை தேவைதான், இல்லாவிட்டால் நல்ல கணினியும் 'கெட்டுப்போய்' காணாமல் போகும். ஆனால் மாணவர் எண்ணிக்கை குறைந்த ஒரு சிறு தோட்டப் பள்ளியில் பாடமும் நடத்தி, கணினிப் பொறுப்பையும் சுமக்கும் ஆசிரியருக்குப் படிவத்தை நிரப்புவதைவிட அறையைப் பூட்டி வைப்பது எளிதாகிவிடுகிறது.

பள்ளிக்கு வீட்டைவிட ஒரு வசதி உண்டு. ஒரே ரகத்துக் கணினிகள் வரிசையாக இருப்பதால், ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டிப் பார்க்கும் சோதனையை அனுமதியோடு செய்யலாம். எந்தக் கருவியும் தராத துல்லியத்தை அது தரும். கூலிம் தொழிற்சாலைகளில் இதே பழுதாராய்ச்சியைத் தொழிலாகச் செய்யும் பெற்றோர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலேயே இருக்கக்கூடும். அவர்களை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைப்பதற்கு அமைச்சின் திட்டம் தேவையில்லை, தலைமையாசிரியரின் ஒப்புதல் போதும். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' இப்படி ஓர் எளிய கூடுகைதான், இன்று பல நாடுகளில் நடக்கிறது. கணினிப் பயிற்சி தரும் 'நாடி' மையங்களும் இதற்கு ஏற்ற இடங்கள்.

கணினி ஒழுங்காக எழத் தொடங்கிய பிறகுதான் விண்டோஸ் 10 கேள்விக்கு வர வேண்டும். தனிப்பட்ட பயனீட்டாளர்களுக்கு மைக்ரோசாப்ட் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருகிறது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். கல்வி நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு ஒரு டாலர்தான். இந்த ஒரு டாலர் செய்தி எத்தனை பள்ளிகளுக்கு எட்டியது என்று கல்வி அலுவலகங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அதற்கும் அப்பால் வழி உண்டு. டெலிமா உலாவியிலேயே ஓடுவதால், கூகுளின் இலவச 'குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்' நிறுவினால் 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியே பிள்ளையின் பாடத்துக்குப் போதும். லினக்ஸ் மின்ட் போன்றவையும் இலவசம்தான். ஆனால் இவற்றை நிறுவும்போது பழைய தட்டில் உள்ளது அழிந்துபோகும் என்பதால், நகல் எடுக்காமல் தொடக் கூடாது. கைவைத்தியமாக விண்டோஸ் 11ஐத் தகுதியில்லாத கணினியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். ஏறும், ஓடவும் செய்யும். அதற்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி சொல்லவில்லை.

இன்னொரு தேதியும் வதந்தியாக மாறக் காத்திருக்கிறது. கணினி எழும் நேரத்தில் மென்பொருள் உண்மையானதா என்று சரிபார்க்கும் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. அந்தத் தேதியில் கணினிகள் எழாமல் போகும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். வழக்கம்போல எழும். புதிய சான்றிதழ் பெறாத கணினிக்கு, எழும் கட்டத்துக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் வராது.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோக வேண்டும். என்ன பாகம், என்ன விலை, எத்தனை மாத உத்தரவாதம் என்று ரசீதில் எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்பதும் வாடிக்கையாளரின் உரிமை. நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். தகராறு வந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அந்த ரசீது தேவை.